ஊர்க் கண்மாயைப் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி: ஓராண்டுக்கான வழிகாட்டி

சூழலியல் அறிவு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது உருகும் பனிமலையும் அமேசான் காடும்தான். அவற்றைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது, அதில் எந்தப் பறவை எந்த மாதம் வந்து இறங்குகிறது என்று கேட்டால் நன்றாகப் படித்தவர்களும் திகைத்துப் போகிறார்கள். இந்த அறியாமை சும்மா இருந்துவிட்டால் பரவாயில்லை. அது காரியத்தில் இறங்குகிறது. நல்ல மனசோடு கரையைச் சுற்றிக் கான்கிரீட் போடுகிறார்கள், தண்ணீர் பரவும் இடத்தில் மரக்கன்று நடுகிறார்கள், புண்ணியம் என்று ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விடுகிறார்கள். பாசத்தால் செய்த காரியங்கள்தான். ஆனாலும் கண்மாய் கெட்டுப் போகிறது.

இயற்கையிடம் எப்படி நடந்துகொள்வது என்ற அறக் கேள்விக்கு ஓர் இடத்தை ஆழமாக அறிந்த பிறகுதான் பதில் தேட முடியும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு நம் பக்கத்தில் கண்மாயைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருக்கின்றன. வடக்கே ஏரி, தெற்கே குளம், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய். தாங்கல், ஏந்தல், ஊருணி என்று வேறு பெயர்களும் உண்டு. மனிதர் வெட்டியவை இவை. அதே சமயம் பறவைக்கும் மீனுக்கும் தவளைக்கும் வீடு. மனிதருக்கும் இயற்கைக்கும் நடுவே கோடு போட முடியாத இடம் என்பதால்தான் அறக் கேள்விகள் அத்தனையும் இங்கே கூடுகின்றன.

முதல் படி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ வாரம் ஒருமுறை போய்வரக்கூடிய ஒரு நீர்நிலை போதும். பெயர் பெற்றதாக இருக்கத் தேவையில்லை. நகரத்தில் இருந்தால் குப்பை மிதக்கும் குளமாகவும் இருக்கலாம். அதிலும் படிக்க நிறைய உண்டு. புரட்டாசியில் தொடங்குவது நல்லது. நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. வற்றிக் கிடக்கும்போது அடிமண்ணைப் பார்த்துவிட்டால், நிறைந்த பிறகு தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், தண்ணீர் எதுவரை நின்றது, கண்ணில் பட்டவை என்று எழுதிவந்தால் போதும்.

இரண்டாம் படி: காகிதத்தில் தேடுங்கள்

இந்த வேலையில் சுவாரசியம் குறைவு. ஆனாலும் தவிர்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில், அதாவது ஊரின் நில விவரப் பதிவேட்டில், கண்மாயின் புல எண்ணும் பரப்பும் இருக்கும். புலப்பட வரைபடத்தில் எல்லை இருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்க்குத் தனிப் புல எண் உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. பின்னால் மனு எழுதும்போது இந்த ஒரு தகவல் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாக நகர்த்திப் பாருங்கள். கரை எங்கே நகர்ந்தது, கால்வாய் எந்த ஆண்டில் மறைந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: கரையில் நடந்து உறுப்புகளைக் கண்டுபிடியுங்கள்

இங்கே நேரம் செலவிடுங்கள். கண்மாய் வெறும் பள்ளம் என்று நினைப்பவர்கள் அதைத் தூர்வாருவதைத் தவிர வேறு எதையும் யோசிப்பதில்லை.

கண்மாய்க்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கரை. பிறைபோல் வளைந்த மண்கரை தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். எதிர்ப்பக்கம் மெல்லச் சரிந்து மேடேறிப் போகும் திறந்த நிலம். அந்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வருகிறது. அங்கேயும் கரை எழுப்பி நாலு பக்கமும் நடைபாதை போட்டால் தண்ணீரின் வாசலை அடைத்ததாகிவிடும். நகரங்களில் 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் இதுதான்.

கரையில் மடைகள் இருக்கும். மடையின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் போகாது. கோடையில் ஆடுமாடு குடிக்கவும், தாய் மீன்கள் உயிர் பிழைக்கவும் அந்த மிச்சம் உதவும். கரையின் ஓர் ஓரத்தில் கல்லால் கட்டிய கலிங்கு இருக்கும். வடக்கே கலங்கல் என்பார்கள். கண்மாய் நிறைந்ததும் மிகை நீர் அதில் ஏறி மறுகால் பாயும். கலிங்கின் மேல் நட்ட கற்களைப் பல ஊர்களில் இன்னும் பார்க்கலாம். அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்துத் தண்ணீரின் உயரத்தைக் கூட்டுவார்கள், வெள்ளம் வந்தால் எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு அடி உயரம் மேல்பக்கத்து ஊரின் வயலை மூழ்கடிக்கலாம், கீழ்ப்பக்கத்து ஊரின் கண்மாயைக் காயப்போடலாம். கலிங்கின் உயரத்தை வைத்து ஊர்களுக்குள் வழக்கு நடந்ததெல்லாம் இதனால்தான்.

நான்காம் படி: தண்ணீரைப் பின்தொடருங்கள்

முதலில் மேலே போங்கள். வரத்துக் கால்வாயைப் பிடித்து நடந்தால் ஓர் ஓடையிலோ, அணைக்கட்டுக் கால்வாயிலோ, இன்னொரு கண்மாயின் கலிங்கிலோ போய் நிற்பீர்கள். மழையை மட்டும் நம்பியதை மானாவாரிக் கண்மாய் என்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர். நூறு ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு கோடி லிட்டர். அத்தனையும் கண்மாய்க்கு வராது. காய்ந்த செம்மண் முதல் மழையைக் குடித்துவிடும், பாறையும் தார்ச்சாலையும் உடனே வழியவிடும். நீர்ப்பிடிப்பில் வீட்டுமனைக் கற்கள் நட்டால் கண்மாய்க்கு என்ன ஆகும் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும்: மழை பெய்த உடனே வெள்ளமாக வரும், கூடவே சாக்கடையும் வரும், நின்று நிதானமாக ஊறி வந்த நீர் குறையும்.

அப்புறம் கீழே போங்கள். மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்கும், அதன் மறுகால் அதற்கடுத்ததற்கும் போகும். வைகைப் படுகையில் இப்படிக் கண்மாய்கள் தொடர் தொடராகக் கோத்துக் கிடக்கின்றன. நடுவில் ஒன்று அழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நகரங்களே சாட்சி. சென்னையில் தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து உருவாக்கிய பகுதி. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது உலகனேரிக் கண்மாயில். ஆக்கிரமிப்பு என்றதும் கரையோரக் குடிசைகளை மட்டும் காட்டுவது நமக்குப் பழகிவிட்டது. அரசே எடுத்துக்கொண்ட பரப்பையும் சேர்த்துப் பார்க்காத கோபம் நியாயமான கோபம் ஆகாது.

ஐந்தாம் படி: உயிர்களை ஆழம் பார்த்து எண்ணுங்கள்

பறவைப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தப் பறவை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கண்மாய் ஏன் சரிவாக இருக்க வேண்டும் என்பதை அவை கற்றுக்கொடுத்துவிடும்.

தண்ணீரைவிட்டுத் தள்ளிக் காய்ந்த தரையில் ஆள்காட்டிக் குருவி ஓடும். ஈரச் சேற்றில் உள்ளான்கள் குத்திக்கொண்டிருக்கும். கணுக்கால் ஆழத்தில் மடையானும் சின்னக் கொக்கும், இன்னும் கொஞ்சம் உள்ளே நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நிற்கும். அல்லி இலைமேல் இலைக்கோழி நடக்கும். ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கும், கூழைக்கடா மிதந்துகொண்டே மீனை அள்ளும். இப்போது பொக்லைன் வைத்துக் கண்மாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தொட்டிபோல் வெட்டினால் என்ன ஆகும்? கடைசியில் சொன்னவற்றைத் தவிர மற்றவற்றுக்கு நிற்க இடமிருக்காது. தண்ணீர் நிறைய இருக்கும், கண்மாய் வெறிச்சோடியிருக்கும்.

நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் அலகு அது. கூடு கண்மாய்க்குள் இருக்கும் மரத்தில், சாப்பாடு சுற்றியுள்ள வயலில். ஆக, வயலில் அடிக்கும் பூச்சிமருந்தும் கண்மாய்க் குஞ்சின் வயிறும் ஒரே கதையில் வருகின்றன. கண்மாயை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிட முடியாது என்பது இந்த ஒரு பறவையைப் பின்தொடர்ந்தாலே விளங்கும்.

பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் செயலியும், செடி பூச்சிகளுக்கு ஐநேச்சுரலிஸ்டும் உதவும். செயலி சொல்வதை அப்படியே நம்பாமல் அனுபவசாலி ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். உங்கள் கண்மாயின் பட்டியலையும் இ-பேர்ட் தளத்தில் அவர்களோடு சேர்த்து ஏற்றுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அப்போது இங்கே இருக்கும்.

தண்ணீரின் நலம் அறிய ஆய்வகம் தேவையில்லை. விடியும் முன் ஒருநாள் போங்கள். பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் உணவு தயாரித்து ஆக்சிஜனை விடுகின்றன. இரவில் அவையும் சுவாசிக்கின்றன, எல்லா உயிரும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் அது மிகக் குறைந்திருப்பது பொழுது விடியும் நேரத்தில். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் கண்மாய்க்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். சாக்கடையும் உரமும் கலந்து பாசி மண்டிய நீரில் இதுதான் நடக்கும். சேற்றை ஒரு சல்லடையில் அலசிப் பாருங்கள். சிவப்புப் புழுக்கள் மட்டுமே இருந்தால் ஆக்சிஜன் குறைந்த நீர். அவற்றின் ரத்தத்தில் நமக்கு உள்ளதுபோல் ஹீமோகுளோபின் இருப்பதால் அங்கேயும் தாக்குப்பிடிக்கின்றன. தட்டானின் இளம்புழுக்களும் பலவகை நத்தைகளும் சேர்ந்து கிடைத்தால் மனம் ஆறுதல் அடையலாம். தட்டான் புழு கொசுப் புழுவைத் தின்னும் என்பதையும் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் அதை மட்டும் பகையாளியாகப் பார்க்காதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி அது, உண்மை. ஆனால் சாக்கடைச் சத்துதான் அதற்குச் சோறு. வரத்தில் கலக்கும் கழிவை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால் அடுத்த ஆண்டும் அள்ள வேண்டும்.

ஆறாம் படி: கண்மாயோடு வாழ்ந்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்

மடை திறந்து அடைத்து, கடைசி வயலான கடைமடை வரை தண்ணீர் பாய்ச்சியவர்களை நீர்க்கட்டி, நீராணிக்காரர், மடையர் என்று ஊருக்கு ஊர் ஒவ்வொரு பெயரில் அழைப்பார்கள். அவர்களில் வயதான ஒருவராவது இருந்தால் போய்ப் பாருங்கள். "எவ்வளவு தண்ணி இருந்தா எத்தன குழி விளையும்?" என்று கேளுங்கள் (குழி என்பது பழைய நில அளவு). கரையின் எந்த இடம் கசியும், எந்த ஆண்டு உடைந்தது, எந்த மீன் இப்போது வருவதில்லை என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். விரால், குறவை, அயிரை, ஆரல், கெளுத்தி என்று பெயர் சொல்லிக் கேட்டால் பேச்சு தானாக வளரும். ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்போது உள்ளே வந்தது என்றும் கேளுங்கள். இந்தியாவில் வளர்க்கத் தடை உள்ள மீன் அது. ஒரு கண்மாய்க்குள் புகுந்தால் சின்ன மீன்களை ஒழித்துவிடும்.

தென் மாவட்டங்களில் அறுவடை முடிந்து தண்ணீர் வடிந்ததும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளோடு சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஒரே நாளில் இறங்கும். பல ஊர்களில் அன்று கிடைத்த மீனை விற்பதில்லை. அந்த நாள்வரை யாரும் வலை போடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும் ஊரில், மீன் முட்டையிட்டுப் பெருக அவகாசம் கிடைக்கிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒழுங்கு இது. வேடந்தாங்கலில் இதைவிட நீண்ட கதை உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று அறிந்த அந்த ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஏற்றார். சரணாலயம் என்ற பட்டம் 1936-இல்தான் வந்தது, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி 2022-இல். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

இவற்றைக் கேட்கப் பெருமையாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் அதே ஊரில் இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: இந்தத் தண்ணீரை யார் தொடலாம் என்று இருந்தது? மடையைக் காத்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். உயிரைப் பணயம் வைத்து மடையில் மூழ்கியவர்களுக்கு ஊருணியில் குடம் வைக்க உரிமை மறுக்கப்பட்டது. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகத் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடித்தது, நீர் மனிதருக்குப் பொது என்று நிலைநாட்டத்தான். முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்று மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடும் சூழலியல் எனக்கு அறமாகத் தெரியவில்லை. உங்கள் நோட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

ஏழாம் படி: சரி, தப்பு சொல்லக் கடினமான கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்

இதற்குள் தை, மாசி வந்திருக்கும். உங்களுக்குக் கண்மாய் ஓரளவு தெரியும். இனி முடிவெடுக்கும் பயிற்சி.

சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த மரம். கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பரப்பில், பரவி இடத்தை அடைக்கிறது, நாட்டுச் செடிகளை வளரவிடுவதில்லை. வெட்ட வேண்டும் என்பது சுலபமான பதில். ஆனால் இராமநாதபுரத்துச் சித்திரங்குடியில் நாரைகள் நாட்டுக் கருவேலத்தோடு இந்த மரத்திலும் கூடு கட்டுகின்றன. அதே மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதைச் சுட்டு எடுக்கும் கரிதான் வருமானம். ஒரே நாளில் இயந்திரம் விட்டு வேரோடு பிடுங்கினால் கூடும் போகும், கூலியும் போகும். என் கருத்து இது: கூடு இருக்கும் மரங்களைக் குஞ்சு பறக்கும்வரை தொடக்கூடாது. முதலில் வரத்துக் கால்வாயில் உள்ளதை எடுக்கலாம். உள்வாயில் பகுதி பகுதியாக எடுத்து, தண்ணீரில் நின்றாலும் தாங்கும் நாட்டுக் கருவேலம், நீர்மருது போன்றவற்றைக் கூடுகட்டும் இடங்களில் முன்கூட்டியே வளர்க்க வேண்டும். வெட்டும் வேலையைக் கரி சுடும் குடும்பங்களுக்கே தர வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகட்டும்.

தூர்வாருவதும் இப்படித்தான். ஊர்மக்களே நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்துத் திட்டம் 2017-இல் புத்துயிர் பெற்றபோது வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு வழி பிறந்தது. நல்ல காரியம். வண்டல் வயலுக்குச் சத்து, எடுத்த இடத்தில் நீருக்கு இடம். கேட்க வேண்டியது எவ்வளவு ஆழம், எந்த இடம் என்பதை. வண்டலுக்கு அடியில் நீரைத் தாங்கும் களிமண் படுகை இருந்து, அதையும் கிழித்து மண் அள்ளினால் கண்மாய் ஒழுகத் தொடங்கும். லாரி வரிசையாக நின்றால், மண் வயலுக்குப் போகிறதா, மனைக்குப் போகிறதா என்று விசாரியுங்கள்.

தண்ணீர் குறையும் பங்குனியில்தான் உண்மையான சோதனை. கடைமடைக்காரருக்கு இன்னொரு தண்ணீர் வேண்டும். மீன்பாசி (மீன்பிடி) குத்தகை எடுத்தவருக்கு மீன் வளரத் தண்ணீர் நிற்க வேண்டும், அல்லது மீனைப் பிடிக்கச் சீக்கிரம் வற்ற வேண்டும். மாட்டுக்குக் குடிநீர் வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கிறது. எல்லோருக்கும் போதாது. இங்கே நான் ஒரு வரிசை வைத்துக்கொண்டிருக்கிறேன். தவறினால் திருத்தவே முடியாத இழப்பை முதலில் தவிர்ப்பது. அடுத்தது, பேச வாய்ப்பில்லாதவர் பக்கம் பார்ப்பது. குஞ்சுக்கு வாயில்லை. நிலமில்லாத கூலிக்காரருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் பாசன சங்கத்தில் நாற்காலி இல்லை. பணத்தால் ஈடு செய்யக்கூடிய நட்டத்தைப் பணத்தால் ஈடு செய்வோம். வாடும் பயிருக்கு ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து ஈடு தரலாம். கூடு கட்டிய காலனி ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்பும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். அதை எழுதிவைத்து, கண்மாயை நம்பிப் பிழைப்பவர் ஒருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் மறுபடி யோசியுங்கள்.

எட்டாம் படி: ஊர் முன்னால் வையுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக நீர் நாள் என்பதால் கண்மாய்ப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். அதற்கு முன்பே ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு செயல்படுகிறதா என்று கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அது இருக்க வேண்டும், மக்களின் பல்லுயிர்ப் பதிவேட்டையும் அதுவே பராமரிக்க வேண்டும். உங்கள் நோட்டில் உள்ள பறவை, மீன், செடிப் பெயர்களை, சொன்னவர்களின் சம்மதத்தோடு, அதில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் இருப்பது பின்னால் ஆதாரமாகப் பயன்படும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தபோது ஊர்கள் திரண்டு எதிர்த்தன, கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

தீர்மானத்தில் 'கண்மாயைப் பாதுகாக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். புல எண், எந்தக் கால்வாய், எத்தனை மீட்டர் அடைபட்டிருக்கிறது, தேதியிட்ட புகைப்படம், எந்த அலுவலகம், எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் வீடில்லாமல் குடியிருப்பவரையும் வணிகக் கட்டடத்தையும் தனித்தனியே பட்டியலிட்டு, முன்னவருக்கு மாற்று இடம் தந்த பிறகே அகற்ற வேண்டும் என்ற வரியைச் சேருங்கள். முதல் கோரிக்கையாக வரத்துக் கால்வாயை வையுங்கள். ஆடிக்குள் அதைச் சுத்தம் செய்தால்தான் ஐப்பசி மழைக்கு வழி திறந்திருக்கும். தீர்மான நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.